தேக்காவில் தொடங்கி சாத்தே தெருவில் முடியும் ஒரு நாள்: குழுவாகச் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து வரும் உறவினர்களையோ, சங்கத்து மூத்தோரையோ, பழைய தோழர்களின் குடும்பங்களையோ ஒரே நாளில் சுற்றிக் காட்டும் பொறுப்பு சிங்கப்பூரில் வாழும் தமிழர் ஒவ்வொருவருக்கும் எப்போதாவது வந்து சேர்கிறது. பெரும்பாலோர் அப்போது மெர்லயன் எனும் மீன்வால் சிங்கச் சிலையில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு இடங்களைப் பட்டியலிட்டு, வாடகை வேனில் எல்லோரையும் ஏற்றி, ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம் இறக்கிப் படமெடுக்க வைத்துவிட்டு மாலையில் களைத்துப் போய்த் திரும்புகிறார்கள். அப்படிப் பார்த்த சிங்கப்பூரில் இந்நாட்டின் உணவுக்கு இடமிருப்பதில்லை. இருநூறு ஆண்டுகளாக இங்கே கோயிலும் பள்ளிவாசலும் கடையும் கட்டி வாழ்ந்த தமிழரின் தடத்துக்கும் இடமிருப்பதில்லை. இவ்வழிகாட்டி அந்த இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துக் காட்டுவதற்கானது. சிறுவரும் முதியோரும் கலந்த, பதினைந்து பேர் வரையிலான குழுவை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. காலை ஏழரை மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பதரைக்கு முடியும் இந்நாளுக்கு நடையும் பெருவிரைவு ரயிலுமே போதும்.

குழுப் பயணத்தின் வரிசையைத் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: கோயில் நடை சாத்தும் நேரம், வெயில், பசி. இங்குள்ள இந்துக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் மீண்டும் திறக்கின்றன. ஆகவே கோயில்கள் அனைத்தையும் முற்பகலுக்குள் பார்த்துவிட வேண்டும். பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரை வெளியே நடப்பது முதியோருக்கு ஆகாது. அந்நேரம் குளிரூட்டப்பட்ட கட்டடத்துக்குள் கழிய வேண்டும். உணவை மூன்று பெரிய வேளைகளாக வைக்காமல் ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்தால்தான் பல வகைகளைச் சுவைக்க முடியும், வயிறும் கனக்காது. கீழே வரும் நேரங்கள் எல்லாம் இந்த மூன்றையும் ஒட்டியே அமைந்தவை.

கிழமையைத் தேர்ந்தெடுத்தல்

தேதியை முடிவு செய்வதற்கு முன் கிழமையை முடிவு செய்யுங்கள். திங்கட்கிழமை இந்திய மரபுடைமை நிலையம் திறப்பதில்லை; உணவங்காடிக் கடைக்காரர் பலரும் அன்றுதான் ஓய்வெடுக்கின்றனர். செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோயில்களில் கூட்டம் மிகும், அதிலும் வெள்ளியன்று ஜும்ஆ தொழுகை காரணமாக நண்பகலையொட்டிப் பள்ளிவாசல்களைச் சுற்றிப் பார்க்க இயலாது. ஞாயிறு பிற்பகல் முதல் லிட்டில் இந்தியாவின் தெருக்கள் வார விடுப்பில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களால் நிறைந்திருக்கும். அவர்கள் நண்பர்களைக் காணவும் வீட்டுக்குப் பணம் அனுப்பவும் கிடைக்கும் ஒரே நாள் அது என்பதால், பெரிய குழு ஒன்று நடைபாதையை அடைத்துக்கொண்டு செல்வதைத் தவிர்ப்பதே பண்பு. எனவே புதன், வியாழன், சனி ஆகிய மூன்றில் ஒன்றைக் கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் பொங்கலையொட்டியும் சிராங்கூன் சாலை விளக்கலங்காரம் பூண்டிருக்கும். அக்காலத்தில் வந்தால் இந்நாளின் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, இறுதியில் ஒரு மணி நேரத்தை மட்டும் அந்த விளக்குகளுக்கு ஒதுக்கலாம்.

உணவங்காடி நிலையங்கள் துப்புரவுப் பணிக்காகக் குறிப்பிட்ட நாள்களில் மூடப்படுகின்றன. அந்த அட்டவணையைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது. நாம் காலை உணவு உண்ணப்போகும் தேக்கா நிலையம் அன்று திறந்திருக்கிறதா என்பதை ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். காலை உணவு தவறினால் நாள் முழுவதும் தடுமாறும்.

முதல் நாள் இரவே முடிக்க வேண்டியவை

பதினைந்து பேரை ஒரே கூட்டமாக நடத்திச் செல்ல முடியாது. நான்கைந்து பேர் கொண்ட மூன்று சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் சிங்கப்பூர்வாசி ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ரயிலில் ஓர் அணி ஏறிய பின் கதவு மூடிவிட்டால், ஏறியவர்கள் இடையில் இறங்கக் கூடாது. சேர வேண்டிய நிலையத்தில் இறங்கி அங்கேயே காத்திருக்க வேண்டும். இந்த ஒரு விதியை இரவே எல்லோரிடமும் சொல்லி, வாட்ஸ்அப் குழுவிலும் எழுதிவைத்துவிட்டால் நாள் முழுவதும் பதற்றமில்லை. ரயிலுக்குத் தனி அட்டை வாங்கத் தேவையில்லை. தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையே போதும். ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும், இருவர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ள முடியாது. அத்தகைய அட்டை இல்லாத உறவினர்களுக்கு ஈசிலிங்க் அட்டை வாங்கிப் பணம் நிரப்பி வைத்துவிடுங்கள்.

உணவு பற்றி ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். தமிழ்க் குழு ஒன்றில் முட்டையும் தொடாத சைவர், மாட்டிறைச்சி தவிர்ப்பவர், ஹலால் மட்டும் உண்பவர், வேர்க்கடலை ஒவ்வாதவர் என எல்லோரும் இருப்பார்கள். சிங்கப்பூர் உணவில் கண்ணுக்குத் தெரியாத பொருள்கள் பல உண்டு. சம்பால் எனும் மிளகாய் விழுதில் பெரும்பாலும் இறாலில் செய்த பெலாச்சான் சேரும். லக்சா எனும் தேங்காய்ப்பால் நூடுல்ஸில் உலர்ந்த இறால் அரைத்துச் சேர்ப்பர். கோழிச் சோற்றின் சோறே கோழிச் சாற்றில் வேகவைத்தது, ஆகவே கோழியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் சைவர் உண்ணலாம் என்பது தவறு. முஸ்லிம் உறவினர்களுக்கு முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் கடையில் தொங்குகிறதா என்று பார்ப்பதும், முஸ்லிம் உரிமையாளர் நடத்தும் கடைதானா என்று மரியாதையாகக் கேட்பதும் போதும். யாரும் தவறாக நினைப்பதில்லை.

சில்லறையாக வெள்ளித் தாள்கள் (சிங்கப்பூர் டாலர் தாள்கள்) கையில் இருக்கட்டும். அங்காடிக் கடைகள் பலவற்றில் உள்ளூர் வங்கிக் கணக்கின் வழியாகவோ ரொக்கமாகவோதான் பணம் கொடுக்க முடியும். வெளிநாட்டு அட்டை செல்லாது. குடிநீர்ப் போத்தல், குடை, மெல்லிய சால்வை ஆகியவையும் வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தயக்கமின்றிக் குடிக்கலாம் என்பதை ஊரிலிருந்து வந்தவர்களிடம் சொல்லிவிடுங்கள். சால்வை பள்ளிவாசலுக்கும், குளிரில் நடுங்கும் பாட்டிமார்க்கு ரயிலிலும் உதவும்.

காலை 7.30: தேக்காவில் பசியாறுதல்

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் பஃபலோ சாலையின் பூக்கடைகளும் காய்கறிக் கடைகளும் எதிர்ப்படும். அதை ஒட்டியிருப்பதுதான் தேக்கா நிலையம். தரைத் தளத்தில் ஒரு பக்கம் ஈரச்சந்தை, மறுபக்கம் உணவங்காடிகள்; மேல் தளத்தில் துணிக்கடைகளும் தையற்காரர்களும். சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020-இல் யுனெஸ்கோவின் மானுடத் தொட்டுணரா மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் பொருளை உங்கள் விருந்தினர் உணர வேண்டுமானால் இங்கிருந்து தொடங்குவதைவிடச் சிறந்த வழியில்லை. சீன மூதாட்டி இந்திய முஸ்லிம் கடையில் பிராட்டா வாங்குவதும், மலாய்க் குடும்பம் தோசைக்குக் காத்திருப்பதும் இங்கே யாரும் கவனிக்காத அன்றாட நிகழ்வுகள்.

உணவங்காடியில் குழுவாக உண்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒவ்வோர் அணியும் ஒரு மேசையைப் பிடிக்க வேண்டும். மேசைமேல் ஒரு திசுத்தாள் பொட்டலத்தை வைத்தாலே அது பிடிக்கப்பட்ட இடம் என்று இந்நாட்டில் எல்லோரும் ஏற்றுக்கொள்வர். எனினும் கூட்ட நேரத்தில் முதியவர் ஒருவரை அமர வைத்துவிட்டுச் செல்வதே நல்லது. அடுத்து அணியில் மற்றவர்கள் ஆளுக்கொரு கடையில் ஆளுக்கொரு வகை வாங்கி வர வேண்டும். எல்லோரும் ஒரே கடை வரிசையில் நின்றால் அரை மணி நேரம் போய்விடும், சுவைப்பதும் ஒன்றாகவே இருக்கும். ஐந்து பேருக்கு ஒரு முட்டை பிராட்டா, இரண்டு வெறும் பிராட்டா, ஒரு தட்டு ஆப்பம், ஒரு தோசை, நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோறு ஒன்று என்று நடுவில் வைத்துப் பிய்த்துப் பகிர்ந்து உண்ணுங்கள். வெறும் பிராட்டாவைக் கடையில் கோசோங் என்று கேட்க வேண்டும். நம் ஊர்ப் பரோட்டாவைவிட இது மெல்லியது, வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் கொண்டது. தொட்டுக்கொள்ள வரும் மீன் கறியையோ ஆட்டுக் கறியையோ சைவர் வேண்டாமென்று சொல்லிப் பருப்புக் கறி கேட்டுப் பெறலாம்.

பானம் வாங்கும் பொறுப்பை உள்ளூர்க்காரரே ஏற்றுக்கொள்ளட்டும். தே என்றால் இனிப்புக் கெட்டிப் பால் சேர்த்த தேநீர். தே ஓ என்றால் பாலின்றிச் சர்க்கரை மட்டும். தே சி என்றால் இனிப்பில்லாத ஆவிப்பாலும் சர்க்கரையும். கடைசி இரண்டோடு கோசோங் என்று சேர்த்துவிட்டால் சர்க்கரையும் இராது. கோப்பிக்கும் இதே முறைதான். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குத் தே சி கோசோங் அல்லது தே ஓ கோசோங் என்று கேட்டு வாங்குங்கள். சொல்லாமல் வாங்கினால் வருவது நல்ல இனிப்பாகத்தான் இருக்கும்.

உண்டு முடித்ததும் தட்டுகளை அவற்றுக்குரிய அடுக்கில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது உணவங்காடி நிலையங்களில் சட்டமாக நடைமுறைப்படுத்தப்படுகிறது. முதல் முறை எழுத்துபூர்வ எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்குகள் உண்டு. அவற்றைக் கலக்காமல் வைப்பது இங்கே ஒருவர் மற்றவரின் நெறிக்குத் தரும் மதிப்பு என்பதால், பிள்ளைகளுக்கு இதை அங்கேயே சொல்லிக் கொடுங்கள்.

8.30: சிராங்கூன் சாலையில் ஒரு சிறு நடை

தேக்காவின் எதிரே கெர்பாவ் சாலையில் பல வண்ணம் பூசிய பழைய வீடு ஒன்று நிற்கிறது. 1900-இல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீடு அது. லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் சீன மாளிகை அது ஒன்றே. இந்தியக் குடியிருப்பின் நடுவே சீனத் தொழிலதிபர் வீடு எப்படி வந்தது என்று குழுவில் யாராவது கேட்பார்கள். இப்பகுதி ஒருகாலத்தில் மாட்டுப் பட்டிகளும் மாட்டு வணிகமும் நிறைந்த இடம். மாட்டை நம்பிய தொழில்களும் ஆலைகளும் சூழ வளர்ந்தன. அவற்றில் இந்தியரும் சீனரும் சேர்ந்தே பிழைத்தனர். சாலைகளின் பெயர்களில் அந்த எருமைகள் இன்றும் இருக்கின்றன.

அங்கிருந்து சிராங்கூன் சாலையில் சில நிமிட நடையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் வரும். 1881-இல் தோன்றிய இக்கோயில் இப்பகுதியின் உழைப்பாளிகளால் எழுப்பப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சின்போது மக்கள் இங்கே அடைக்கலம் புகுந்தனர். அரை மணி நேரம் போதும். ஒன்பதரைக்குள் குழு ரயில் நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். வழியில் பூமாலைக் கடைகளும் நகைக்கடைகளும் இழுக்கும். பிற்பகலில் இதே வட்டாரத்துக்கு மீண்டும் வருவோம் என்று சொல்லி நகர்த்திக்கொண்டு போங்கள். பொருள்களை இப்போது வாங்கினால் நாள் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கும்.

9.45: சவுத் பிரிட்ஜ் சாலை

வடகிழக்கு ரயில் பாதையில் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். பகோடா தெருப் பக்கம் வெளியேறி அத்தெரு முடியும் வரை நடந்தால், மூலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரம் எழுந்து நிற்கும். இந்நாளில் ஓரிடத்தில் மட்டும் நின்று நிதானமாகப் பேச நேரமிருக்கிறது என்றால் அந்த இடம் இதுவாக இருக்கட்டும்.

1819-இல் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூருக்கு வந்தபோது பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை. அவர் இங்கே செங்கல் சூளை நடத்தினார், துணி வணிகம் செய்தார், தீ விபத்தில் கடையை இழந்து மீண்டும் எழுந்தார். அவர் முன்னின்று 1827-இல் மரத்தாலும் கூரையாலும் எழுப்பிய சிறு கோயிலே சிங்கப்பூரின் முதல் இந்துக் கோயிலான இது. 1973-இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கப்பலிலிருந்து இறங்கி வேலையும் தங்குமிடமும் இன்றி நின்ற தமிழர்களுக்கு இது புகலிடமாக இருந்தது. நெடுங்காலம் இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் இருந்தது. தீபாவளிக்கு முன் நடைபெறும் தீமிதித் திருவிழா இங்கேதான். சைனாடவுனின் நடுவில் மாரியம்மன் கோயில் ஏன் என்ற கேள்விக்கு விடை எளிது: கோயில் எழுந்த காலத்தில் துறைமுகத்தை ஒட்டிய இப்பகுதியில் தமிழர் நிறையவே வாழ்ந்தனர். இதை முதியோர் கேட்டால் கண் விரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் தாத்தா காலத்தில் கப்பலேறிப் போனவர்களின் பெயர்கள் தாமாகவே பேச்சில் வரத் தொடங்கும். அந்தப் பேச்சைக் கடிகாரம் காட்டித் தடுக்காதீர்கள்.

கோயிலின் இடப்பக்கம் சில அடிகளில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826-இல் நிறுவியது. முகப்பின் இரு எண்கோண மினார்கள் நாகூரையும் கீழக்கரையையும் அறிந்தவர்களுக்கு உடனே பழக்கமானவையாகத் தோன்றும். கோயிலின் வலப்பக்கம் நடந்தால் 2007-இல் திறக்கப்பட்ட புத்தர் பல் சின்னக் கோயில். தொப்பியும் செருப்பும் எங்கே கழற்ற வேண்டும், எங்கே படமெடுக்கலாம் என்பவை மூன்று இடங்களிலும் வெவ்வேறு; வாசலில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டே உள்ளே செல்லுங்கள்.

புத்தர் கோயிலுக்கு எதிரே மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். மணி ஏறத்தாழ பதினொன்றாகியிருக்கும். பகல் கூட்டம் இன்னும் சேர்ந்திராது. இங்கே முழு உணவு வேண்டாம். அசைவர்கள் நான்கு பேருக்கு ஒரு தட்டு ஹைனான் கோழிச் சோறு வாங்கிச் சுவைக்கட்டும். இஞ்சி, பூண்டு, பாண்டான் இலை மணக்கும் சோற்றையும் அரைத்த மிளகாயையும் கோழித் துண்டையும் ஒரே கரண்டியில் சேர்த்து உண்டால்தான் அதன் சுவை தெரியும்; கோழியை மட்டும் எடுத்து உண்பவர்கள் இதில் மசாலாவே இல்லையே என்பார்கள். மற்ற எல்லோருக்கும் பனிக்கட்டி போட்ட கரும்புச் சாறு.

11.30: கடல் இருந்த தெரு

இங்கிருந்து மேக்ஸ்வெல் சாலையோரம் சமதளமாக நடந்து தெலுக் ஆயர் தெருவை அடையலாம். ஆன் சியாங் குன்றின் படிகள் வழியாகவும் போகலாம், ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது உகந்ததன்று. இன்று வானளாவிய கட்டடங்கள் சூழ்ந்த இத்தெரு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்ப்பதற்கு முன்பு கரையாகவே இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் காலூன்றிய மண் இது. அதனால்தான் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லும் இடங்கள் இங்கே வரிசையாக நிற்கின்றன: தமிழ் முஸ்லிம்கள் குச்சுப் பள்ளி என்று அழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசல், கடல் தெய்வம் மாசுவுக்கு ஹொக்கியன் சீனர்கள் எழுப்பி 1842-இல் நிறைவு செய்த தியான் ஹோக் கெங் கோயில், அதற்கு மிக அருகில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது நினைவாக எழுந்த அந்தத் தர்கா இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. தஞ்சை, நாகைப் பக்கத்து உறவினர்கள் உங்களுடன் இருந்தால் இங்கே அவர்களை அவசரப்படுத்த வேண்டாம்.

அதே தெருவில் தொடர்ந்து நடந்தால் தெலுக் ஆயர் ரயில் நிலையம். டவுன்டவுன் பாதையில் ஆறாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. ரயிலுக்குள் உண்பதும் குடிப்பதும் 500 வெள்ளி வரை அபராதத்துக்கு உரியவை, துரியானும் ஏற்றக் கூடாது என்பதைக் குழந்தைகளின் கையில் கரும்புச் சாறு இருக்கும்போதே நினைவூட்டுங்கள்.

12.45: வாழையிலையும் மீன் தலைக் கறியும்

பகல் உணவை ரேஸ் கோர்ஸ் சாலையின் வாழையிலை உணவகம் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள், முன்பதிவு கட்டாயம். ஊரில் கிடைக்காத, ஆனால் நம் சமையலிலிருந்தே பிறந்த உணவு ஒன்றை விருந்தினருக்குக் கொடுக்க வேண்டுமானால் அது மீன் தலைக் கறிதான். கேரளத்தவரான எம். ஜே. கோமஸ் என்பவர் 1949-இல் தம் உணவகத்தில் இதை அறிமுகப்படுத்தினார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. மீன் தலையை விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளர்களுக்காகத் தென்னிந்தியக் குழம்பில் பெரிய தலையை இட்டுச் சமைத்தார். பின்னர் சீனர், மலாய்க்காரர், சீன-மலாய்க் கலப்பு மரபினரான பெரானாக்கான் என ஒவ்வொருவரும் தத்தம் முறையில் இதைச் சமைக்கத் தொடங்கினர்.

சங்கரா வகைப் பெருமீனின் தலை, புளிக் குழம்பில் வெண்டைக்காய், கத்தரிக்காய், தக்காளியுடன் கொதிக்கக் கொதிக்க வரும். நடுத்தர அளவுத் தலை ஒன்று நான்கைந்து பேருக்குப் போதும். ஆகவே அணிக்கு ஒன்று என்று கணக்கிடுங்கள். கன்னத்துச் சதையே மிக மென்மையானது. அதை முதலில் எடுத்துப் பெரியவர்களின் இலையில் வையுங்கள். குழம்பைச் சோற்றில் உடனே ஊற்றாமல் ஐந்து நிமிடம் விட்டால் காய்கள் புளியை இழுத்துச் சுவை கூடும். சைவர்களுக்கு அதே இலையில் கூட்டு, பொரியல், ரசம் என எல்லாம் உண்டு. ஒரே மேசையில் அசைவம் வேண்டாம் என்போருக்காகத் தனி மேசை ஒன்றையும் முன்பதிவிலேயே கேட்டுவிடலாம். தூய சைவ உணவகத்தில்தான் உண்பேன் என்பவர்களை, இதே வட்டாரத்தில் 1924 முதல் இயங்கும் ஆனந்த பவனுக்கோ 1947 முதல் இயங்கும் கோமள விலாசுக்கோ ஒரு பொறுப்பாளருடன் அனுப்பி வையுங்கள்.

உணவகங்களில் விலைப்பட்டியலில் உள்ள தொகைக்கு மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்வது வழக்கம். செலவைப் பகிர்ந்துகொள்ளும் குழுவாக இருந்தால் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

2.00: வெயிலுக்குள் போகாத நேரம்

கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குச் செல்லுங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம். வெளிநாட்டு விருந்தினருக்குக் கட்டணம் உண்டு. மின்தூக்கியில் மேல் தளத்துக்குப் போய்க் கீழ்நோக்கி வருவதே காட்சியகத்தின் வரிசை. நுணுக்கமான செதுக்கல்கள் நிறைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செட்டிநாட்டு நிலைக்கதவு இங்கே உண்டு. காரைக்குடிப் பக்கத்தவர்கள் அதன் முன் நெடுநேரம் நிற்பார்கள். காலையில் கோயிலிலும் தர்காவிலும் கேட்ட பெயர்கள் இங்கே பொருள்களாகவும் படங்களாகவும் எதிர்ப்படுவதால், காலையில் பார்க்காமல் பிற்பகலில் பார்ப்பது கூடுதல் பயன் தருகிறது. களைத்தவர்கள் அமர்ந்து இளைப்பாறட்டும். மூன்று மணிக்குப் புறப்பட வேண்டும்.

3.30: கம்போங் கிளாம்

ரோச்சோர் நிலையத்திலிருந்து ஒரே நிறுத்தம் பூகிஸ். அங்கிருந்து சிறு நடையில் சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடம் தெரியும். 1820-களில் எழுந்த முதல் பள்ளிவாசலின் இடத்தில் கட்டடக் கலைஞர் டெனிஸ் சாண்ட்ரியின் வடிவமைப்பில் கட்டப்பட்டு 1932-இல் நிறைவுற்ற கட்டடம் இது. குவிமாடத்தின் அடியில் கரிய பட்டையாகத் தெரிவது கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பகுதிகள். செல்வர்கள் மட்டுமன்றி ஏழை எளியோரும் இப்பள்ளிவாசலுக்குத் தங்களால் இயன்றதைத் தர வேண்டும் என்பதற்காக அவர்களிடமிருந்து திரட்டப்பட்டவை. அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்கு முன்பாக உள்ளே சென்று வந்துவிட வேண்டும். உடை போதாதவர்களுக்கு மேலங்கி தருகிறார்கள்.

பிறகு அருகிலுள்ள சரபத்துக் கடையில் இஞ்சி சேர்த்த தே ஹாலியா. ஐந்தரை மணியளவில் நார்த் பிரிட்ஜ் சாலையில், பள்ளிவாசலுக்கு எதிரே, முர்தபா கடைகளில் இடம் பிடியுங்கள். காற்றில் வீசி மெல்லிதாக்கிய மாவின் நடுவே முட்டை, வெங்காயம், கொத்திய ஆட்டிறைச்சி அல்லது கோழி வைத்து மடித்துக் கல்லில் சுட்டெடுப்பது முர்தபா. அக்கடைகளில் ஒன்று 1908 முதல் இங்கே நடந்து வருகிறது. பெரிய அளவு ஒன்றை மூவர் உண்ணலாம். இரவு உணவின் முதல் பாதியாக இதைக் கொள்ளுங்கள். சைவர்களுக்கு இப்பகுதியில் வகைகள் குறைவு. லிட்டில் இந்தியாவிலிருந்து புறப்படும்போதே அவர்களுக்கு வடையோ இட்லியோ பொட்டலமாக வாங்கி வைத்திருப்பது அவர்கள் ஒதுக்கப்பட்டதாக உணராமல் காக்கும்.

6.30: கரையோரப் பூந்தோட்டங்கள்

பூகிஸிலிருந்து இரண்டாவது நிறுத்தம் பேஃப்ரண்ட். வேலை முடிந்து திரும்புவோரின் நெரிசல் நேரம் இது. அணிகளை ரயிலின் வெவ்வேறு பெட்டிகளில் ஏற்றுங்கள். 2012-இல் திறக்கப்பட்ட இத்தோட்டத்தின் குளிர்கூடங்களுக்குக் கட்டணம் உண்டு, வெளித்தோட்டம் இலவசம். இந்நாளுக்கு வெளித்தோட்டமே போதும். குளிர்கூடங்களைப் பார்க்கத் தனியே அரை நாள் வேண்டும், அதை அவசரமாகப் பார்ப்பது பணத்துக்குக் கேடு. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியையொட்டியே சூரியன் மறைகிறது. 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்த செயற்கைப் பெருமரங்களின் தோப்பில் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் ஒளியும் இசையும் சேர்ந்த காட்சி நடைபெறுகிறது. முதல் காட்சியைப் பாருங்கள். ஏழேகாலுக்கே சென்று நடுத்தோப்பில் தரையில் துணி விரித்துப் படுத்துக்கொண்டால் குழந்தைகளும் முதியோரும் கழுத்து வலியின்றிப் பார்க்கலாம். மழை வந்தால் காட்சியை விட்டுவிட்டு நேரே அடுத்த படிக்குச் செல்லுங்கள். மின்னலின்போது திறந்த வெளியில் நிற்க வேண்டாம்.

8.20: சாத்தே தெரு

பேஃப்ரண்டிலிருந்து ஒரே நிறுத்தம் டவுன்டவுன். சில நிமிட நடையில் லாவ் பா சாட். கிளாஸ்கோவில் வார்க்கப்பட்ட இரும்புத் தூண்களால் 1894-இல் எழுந்த எண்கோணச் சந்தை மண்டபம் இது. அதன் பக்கவாட்டில் பூன் டாட் தெருவை மாலையில் வாகனங்களுக்கு மூடிவிட்டு மேசைகள் போட்டு, குச்சியில் குத்திய இறைச்சித் துண்டுகளான சாத்தேயைச் சுடுவார்கள். காலையில் பார்த்த நாகூர் தர்கா இதே தெருவின் மறுமுனையில் இருக்கிறது என்பதை அப்போது சொன்னால், நடந்த தடம் எல்லோருக்கும் மனத்தில் பதியும்.

சாத்தே குச்சிகள் பொதுவாகப் பத்துக்குக் குறையாமல் வாங்க வேண்டும். கோழி, ஆடு, மாடு, இறால் என்று கலந்து விற்பார்கள். மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் கலவைத் தட்டை வாங்காமல் கோழியும் ஆடும் மட்டும் தனித்தனித் தட்டில் வேண்டுமெனக் கேளுங்கள். வேர்க்கடலைக் குழம்பு ஒவ்வாதவருக்கு அருகிலேயே வைக்கக் கூடாது. அசைவர் ஒருவருக்கு ஐந்து குச்சியும் கெத்துப்பாட் எனும் அழுத்திய சோற்றுக் கட்டியில் இரண்டு துண்டும் வெள்ளரியும் போதும். சைவர்கள் மண்டபத்தினுள் சென்று இந்திய சைவக் கடையையோ பழக் கடையையோ பார்க்கலாம்.

ஒன்பதரை மணியளவில் எழுந்துவிடுங்கள். முதியோரையும் உறங்கிவிட்ட குழந்தைகளையும் ராபின்சன் சாலைப் பக்கத்திலிருந்து வாடகை காரில் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் தெலுக் ஆயர் அல்லது ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்துக்கு நடக்கலாம். ரயில்கள் நள்ளிரவையொட்டி வரை ஓடுகின்றன. புறப்படுமுன் மேசைக்கு அடியில் பைகளும் கைப்பேசிகளும் விடுபடவில்லை என்று பார்த்து, அணிவாரியாக ஆள்களை எண்ணிக்கொள்ளுங்கள். வீடு சேர்ந்ததும் ஒவ்வோர் அணிப் பொறுப்பாளரும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுத வேண்டும்.